கப்பல் வேலையும் உடம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடம் கப்பலில் சமையல்காரனாக ஓடினேன், அதில் கடைசி நாலு வருடம் சீஃப் குக். இப்போது சிங்கப்பூரில் கரை வேலை, கப்பல்களுக்கு மளிகையும் காய்கறியும் ஏற்றுவது. நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலுக்குப் படகில் சாமான் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பில்லில் கையெழுத்துக்காக நிற்கும்போது நம்ம ஊர்ப் பையன் யாராவது பக்கத்தில் வந்துவிடுவான். தூத்துக்குடியோ ராமநாதபுரமோ நாகப்பட்டினமோ, எந்த ஊராக இருந்தாலும் ஆரம்பம் ஒன்றுதான்: "அண்ணே, ஒரு சந்தேகம்." அந்தச் சந்தேகங்களில் முக்கால்வாசி திரும்பத் திரும்ப வருவதால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை, அடுப்படி ஆள். மருந்து பற்றி ஏதாவது முடிவெடுப்பதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பலில் ஏறி ஆறு மாதத்தில் எட்டு கிலோ கூடிவிட்டது. ஜிம்முக்கும் போகிறேன், அப்புறம் ஏன்?

ஜிம்மை விடுங்கள், மெஸ் ரூமில், அதாவது கப்பல் சாப்பாட்டு அறையில், கெட்டில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். த்ரீ-இன்-ஒன் காப்பி, பிஸ்கட் டின், ரொட்டி, ஜாம், கப் நூடுல்ஸ். கப்பலில் மனுஷன் பசிக்குச் சாப்பிடுவதைவிட கைக்கு எட்டுகிறதைச் சாப்பிடுவதுதான் அதிகம். த்ரீ-இன்-ஒன் சாஷேயின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் 10 கிராம் வாக்கில் சர்க்கரை இருக்கும். வாட்சுக்கு (முறை போட்டுப் பார்க்கிற காவல் வேலைக்கு) இரண்டு, வேலை இடைவேளையில் இரண்டு, படம் பார்க்கும்போது ஒன்று என்று அஞ்சு குடித்தால் 50 கிராம். சாதாரணமாகச் சாப்பிடும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதே ஏறக்குறைய அவ்வளவுதான், முடிந்தால் அதில் பாதி போதும் என்றும் சொல்கிறது. இதில் நீங்கள் தொட்டுக்கொண்ட பிஸ்கட்டை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒரு கப்பலில் நான் ஒரு வேலை செய்தேன். த்ரீ-இன்-ஒன் பெட்டியைக் கெட்டில் பக்கத்திலிருந்து எடுத்து மேல் அலமாரியில் வைத்தேன், அவ்வளவுதான், பூட்டவில்லை. அது இருந்த இடத்தில் சர்க்கரை போடாத டீ ஒரு பிளாஸ்கிலும், நறுக்கிய ஆரஞ்சு ஒரு தட்டிலும் வைத்தேன். இரண்டு வாரத்தில் காலியாகிற பெட்டி ஒரு மாதத்துக்கு மேல் வந்தது. டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன் மட்டும் ரெண்டு நாள் முறைத்தார், மற்றவர்கள் கவனித்தார்களா என்றுகூடத் தெரியவில்லை. கை நீட்டினால் கிடைக்காதபோது பாதி ஆசை தானாகப் போய்விடுகிறது.

கரைக்கு வந்தாலும் இதே கதைதான். இங்கே கோப்பிக் கடையில் சும்மா "தே" என்று சொன்னால் கண்டென்ஸ்டு மில்க்கோடு வரும். "தே ஓ கோசோங்" என்று கேளுங்கள், பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரும். அது தொண்டையில் இறங்காது என்றால் "சியூ தாய்", சர்க்கரை குறைவாக. டப்பா பானங்களுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்து ஏ, பி, சி, டி என்று தரம் உண்டு, சி, டி என்றால் அந்த எழுத்து டப்பாவில் இருந்தே ஆக வேண்டும், 2022 கடைசியிலிருந்து இங்கே இந்த முறை நடப்பில் இருக்கிறது. டி என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

சோற்றை விட்டுவிட வேண்டுமா?

சோற்றை விடச் சொன்னால் நீங்கள் என்னைத்தான் விட்டுவிடுவீர்கள். சோறு இருக்கட்டும், தட்டில் அது பிடிக்கிற இடம்தான் குறைய வேண்டும். சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்கிற கணக்கு எளிது: தட்டில் பாதி காய், பழம், கால் பங்கு சோறோ சப்பாத்தியோ, மீதிக் கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு. நம்ம ஆள் தட்டில் முக்கால்வாசி சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் ஊறுகாய், அப்பளம். காய் என்றால் சாம்பாரில் மிதக்கிற ரெண்டு முருங்கைக்காய்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1880-களில் ஜப்பான் கடற்படையில் மாலுமிகள் கூட்டம் கூட்டமாகக் கால் வீங்கி, நடக்க முடியாமல் விழுந்தார்கள், பலர் செத்தும் போனார்கள். பெரிபெரி. தகாகி கனேஹிரோ என்ற கடற்படை மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசியையே முழுக்க நம்பிச் சாப்பிட்டவர்களுக்குத்தான் இது வருகிறது என்று கவனித்தார். 1884-ல் ஒரு கப்பலுக்குச் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்து நீண்ட பயணம் அனுப்பினார். இறைச்சி, பார்லி, பருப்பு எல்லாம் சேர்த்தார். அந்தப் பயணத்தில் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. காரணம் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைவு என்பது பின்னால்தான் தெரிந்தது. இன்றைக்கு உங்களுக்குப் பெரிபெரி வரப் போவதில்லை, சுகர் வரும். வெறும் வெள்ளைச் சோற்று மலை கப்பல்காரனுக்கு ஆகாது என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

குக்கிடம் போய்ப் பேசுங்கள். புழுங்கலரிசி கேளுங்கள், வாரம் ரெண்டு நாள் கோதுமை ரவையோ ஓட்ஸோ கேளுங்கள். ஆனால் அவர் தலைக்கு இத்தனை டாலர் என்ற பட்ஜெட்டில் சமைக்கிறவர், நாலு நாட்டு ஆட்களுக்கு ஒரே அடுப்பில் பொங்குகிறவர். அதனால் மெஸ்ஸில் பத்துப் பேர் முன்னால் "என்ன சாப்பாடு இது" என்று ஆரம்பித்தால் காரியம் நடக்காது. மத்தியானம் மூன்று மணிக்குக் கப்பல் சமையலறைப் பக்கம் போய் வெங்காயம் உரிக்க ஒரு கை கொடுத்துவிட்டுக் கேளுங்கள், நடக்கும்.

மூன்றாவது வாரம் காய்கறி தீர்ந்துவிடுகிறது. அப்புறம் கோஸ், உருளை, கோஸ், உருளை. என்ன செய்வது?

இது என் பேட்டை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் தப்பு ஆர்டர் போடும்போதே நடக்கிறது. கீரை, வெண்டைக்காய், தக்காளி எல்லாம் ஒரு வாரத்துக்கான சாமான்கள், அவற்றை மூன்று வாரத்துக்குச் சேர்த்து வாங்கினால் பாதி குப்பைக்குத்தான் போகும். கோஸ், கேரட், பீட்ரூட், பூசணி, சேனை, இஞ்சி, எலுமிச்சை இவையெல்லாம் குளிர் அறையில் நன்றாக நாள் தாங்கும். முதல் வாரம் இலையும் வெண்டையும், ரெண்டாவது வாரம் கத்திரி, பீன்ஸ், காலிஃபிளவர், மூன்றாவதிலிருந்து பூசணி, பீட்ரூட், கேரட், கூடவே உறைந்த பட்டாணியும் கீரையும். உறைந்த காய் என்றதும் முகம் சுளிக்காதீர்கள், பறித்த கொஞ்ச நேரத்தில் உறைய வைத்தது, பத்து நாள் வாடின பீன்ஸை விட அதில் சத்து குறைவில்லை. அப்புறம் ஆப்பிளை இலைக்காய்களோடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள், ஆப்பிள் விடுகிற வாயுவில் பக்கத்தில் இருப்பதெல்லாம் சீக்கிரம் பழுத்து மஞ்சளாகிவிடும்.

ரெண்டாவது, முளைகட்டிய பாசிப்பயறு. நடுக்கடலில் புதிதாக ஒரு பச்சைப் பொருள் வேண்டுமென்றால் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ராத்திரி ஊற வைத்து, காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டி வைத்தால் அடுத்த நாள் வால் விட்டிருக்கும். காய்ந்த பயறில் கிட்டத்தட்ட இல்லாத வைட்டமின் சி முளை விட்டதும் வந்துவிடும். வெங்காயம், கேரட் துருவி, எலுமிச்சை பிழிந்து வைத்தால் பிலிப்பினோ ஆட்களும் எடுத்துச் சாப்பிடுவார்கள். ஒரு நிமிடம் ஆவியில் காட்டிவிடுங்கள், பச்சை முளையில் கிருமி இருந்தால் வயிறு கெட்டுப்போகும், கப்பலில் வயிறு கெட்டால் இருபது பேருக்கும் சேர்த்துக் கெடும்.

மூன்றாவது, தயிர். கடையில் வாங்கின தயிர் ரெண்டு வாரத்தில் தீர்ந்துவிடும், ஆனால் நீண்ட நாள் தாங்குகிற பெட்டிப் பால் மாதக்கணக்கில் இருக்கும். அதைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் ஒரு கரண்டி பழைய தயிரைக் கலந்து, துணி சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஆறு ஏழு மணி நேரத்தில் உறைந்துவிடும். உறைமோர் இல்லையா? காம்போடு ரெண்டு பச்சைமிளகாய் போட்டு வைக்கிற பாட்டி வைத்தியம் கப்பலிலும் வேலை செய்கிறது, முதல் தடவை கொஞ்சம் இளசாக வரும், அதையே உறைமோராக எடுத்து மறுநாள் ஊற்றினால் கெட்டியாக வந்துவிடும்.

பகலிலும் ராத்திரியிலும் பன்னிரண்டு-நாலு வாட்ச். தூக்கமே சரியில்லை.

முதலில் உங்கள் உரிமை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின் ஓய்வுநேரக் கணக்குப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்தை ரெண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, அதில் ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். சிங்கப்பூரும் இதை ஏற்று, 2014-லிருந்து தனிச் சட்டமாகவே வைத்திருக்கிறது. ஏட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். துறைமுகத்துக்கு வந்து ராத்திரி முழுக்க சரக்கு இறக்கிவிட்டு, தாளில் "ஓய்வு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வழக்கம் எனக்கும் தெரியும், நானும் போட்டிருக்கிறேன். அந்தத் தாள்தான் நாளைக்கு விபத்து நடந்தால் உங்களுக்கு எதிராக நிற்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

தூக்கத்துக்கு வருவோம். ராத்திரி நாலு மணிக்கு இறங்கினால் போனை எடுக்காமல் நாலரைக்குப் படுங்கள், பத்தரை வரைக்கும் அதுதான் உங்கள் பெரிய தூக்கம். ராத்திரி வாட்சுக்கு முன்னால் எட்டு மணி வாக்கில் இன்னொரு ஒன்றரை, ரெண்டு மணி நேரம். தினமும் இதே நேரம், சனி ஞாயிறு என்று கடலில் ஒன்று கிடையாது. போர்ட்ஹோலை அட்டை வெட்டி அடைத்துவிடுங்கள், திரைச்சீலை மட்டும் போதாது, ஆறரை மணிக்கு ஒரு கோடு வெளிச்சம் முகத்தில் விழுந்தால் போதும், மூளை விடிந்துவிட்டது என்று எழுந்துவிடும். காப்பியைக் கடைசியாக ஒரு மணி வாக்கில் குடித்துவிடுங்கள். உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும், மூன்று மணிக்குக் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்றால் எப்படி வரும்?

ராத்திரி ரெண்டு மணிக்குப் பசிக்கிறது என்பார்கள். பசிக்கும். நூடுல்ஸ் வேண்டாம், அவித்த முட்டை, சுண்டல், வாழைப்பழம். நான் வாட்ச் போகிறவர்களுக்கென்று ஒரு டப்பாவில் சுண்டல் போட்டுப் பெயர் எழுதி வைப்பேன், பெயர் எழுதாவிட்டால் எட்டு-பன்னிரண்டு ஆட்களே முடித்துவிடுவார்கள்.

இன்ஜின் ரூமில் வெந்து போகிறேன். எவ்வளவு தண்ணீர் குடிப்பது? உப்பு மாத்திரை வேண்டுமா?

இந்தப் பக்கத்துக் கடலில் இன்ஜின் ரூம் 40 டிகிரிக்கு மேலே போவது சாதாரணம், பாய்லர் பக்கமும், எண்ணெயைச் சுத்தம் செய்கிற பியூரிஃபையர் ரூமும் அதைவிட மோசம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் குடியுங்கள். ஒரே மூச்சில் ரெண்டு லிட்டர் குடிப்பதும் ஆபத்து, மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. சிறுநீர் எலுமிச்சை ஜூஸ் நிறத்தில் இருந்தால் சரி, டீ நிறத்தில் இருந்தால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள். சிறுநீரகக் கல்லோடு கப்பலை விட்டு இறங்குகிறவர்களிடம் கேட்டால் பலரும் சொல்வது, கண்ட்ரோல் ரூமுக்கு ஏறி வந்து குடிக்கச் சோம்பல் என்றுதான். பாட்டிலைக் கீழேயே, வேலை செய்கிற இடத்திலேயே வையுங்கள்.

உப்பு மாத்திரை வேண்டாம். மூன்று வேளை நம்ம சாப்பாடு சாப்பிடுகிறவருக்கு உப்பு ஏற்கெனவே அதிகம். உப்புப் போட்ட நீர்மோர் அருமை. வேர்த்துக் கொட்டி தலை சுற்றுகிறது என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டையும் தலை தட்டி அளந்து கலக்கிக் குடியுங்கள், அளவு மாறக் கூடாது. கூட வேலை செய்கிறவர் வெயில் பட்டவர் மாதிரி உளற ஆரம்பித்தால் தாமதிக்காதீர்கள், வெளியே இழுத்து வந்து கவர்ஆலை, அதாவது வேலை உடுப்பை, கழற்றி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மேலே தகவல் சொல்லுங்கள்.

கப்பல் தண்ணீரைக் குடிக்கலாமா? ருசியே இல்லையே.

ருசி இல்லாததற்குக் காரணம் அது கடல்நீரைக் காய்ச்சி எடுத்தது, தாதுக்கள் கிடையாது. வெற்றிடத்தில் குறைந்த சூட்டிலேயே கொதிக்க வைக்கிறார்கள், அந்தச் சூட்டில் கிருமி சாகாது. அதனால்தான் குளோரினோ புற ஊதா விளக்கோ கட்டாயம் வேண்டும், கரைக்குப் பக்கத்தில் நிற்கும்போது தண்ணீர் தயாரிக்கவும் கூடாது. தொட்டியும் வடிகட்டியும் ஒழுங்காகச் சுத்தம் செய்கிற கப்பலில் தைரியமாகக் குடிக்கலாம். நல்ல குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2024 டிசம்பர் 23-லிருந்து கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதப்பட்டுவிட்டது, காசு கேட்டால் கேள்வி கேளுங்கள்.

ஜிம் இல்லாத கப்பல். உடற்பயிற்சிக்கு என்ன வழி?

ஒரு ரப்பர் பேண்ட் செட், அவ்வளவுதான் செலவு. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் கிடைக்கும். கேபின் கதவில் மாட்டி இழுக்கலாம், கப்பல் ஆடினாலும் டம்பெல் மாதிரிக் காலில் விழாது. உட்கார்ந்து எழுவது, தண்டால், பலகை மாதிரி நிற்பது, கூட இருபது நிமிடம் டெக்கில் நடை. படிக்கட்டு எப்படியும் ஏழு மாடி இருக்கிறது. கயிறு தாண்டுதல் மட்டும் கேபினில் வேண்டாம், கீழே இன்னொரு வாட்ச்காரர் தூங்குகிறார். இதில் ஒரு அடிதடியே பார்த்திருக்கிறேன்.

சுகர் இருக்கிறது என்று மெடிக்கலில் சொன்னால் வேலை போய்விடுமா? மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகலாம் என்று நண்பன் சொல்கிறான்.

நண்பனை மாற்றுங்கள். மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிற சுகர், கட்டுக்குள் இருக்கிற பிபி உள்ளவர்கள் எத்தனையோ பேர் கப்பலில் ஓடுகிறார்கள். டாக்டர் சில சமயம் சான்றிதழைக் குறைந்த காலத்துக்குத் தருவார், சில சமயம் கட்டுப்பாடு போடுவார், இன்சுலின் போடுகிறவர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம். பிபி மேலே 160-க்கோ கீழே 100-க்கோ மேலே இருந்தால் சரிசெய்துகொண்டு வா என்று பொதுவாகத் திருப்பி அனுப்புவார்கள், அது ஒரேயடியாக வேண்டாம் என்பதல்ல.

மறைத்தால் என்ன ஆகும் தெரியுமா? கப்பலில் உடம்பு சரியில்லாமல் போனால் வைத்தியச் செலவு முதலாளியுடையது, சம்பளமும் குறைந்தது 16 வாரம் தர வேண்டும் என்பதுதான் அந்தக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின் விதி. ஆனால் வேலையில் சேரும்போதே வேண்டுமென்று மறைத்த நோய்க்கு இந்தப் பொறுப்பிலிருந்து முதலாளிக்கு விலக்குத் தரச் சட்டத்துக்கு இடம் இருக்கிறது. என்னோடு ஓடிய ஒரு ஃபிட்டர் அப்படித்தான் மறைத்தார். காலில் சின்னக் கொப்புளம், பதினெட்டு நாளில் புண், கப்பல் துறைமுகத்தை அடைந்தபோது ரெண்டு விரல் போய்விட்டது. யார் செலவு என்ற பேச்சு அதற்கப்புறம் ஒரு வருடம் ஓடியது.

போகும் முன் பல் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். நடுக்கடலில் பல்வலி வந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சிகரெட், வேப், ஹான்ஸ் எல்லாம் சிங்கப்பூரில் எப்படி?

மின்சிகரெட் இங்கே வைத்திருப்பதே குற்றம், 2018 பிப்ரவரியிலிருந்து. 2025 செப்டம்பரிலிருந்து தண்டனை இன்னும் கடுமை. கப்பலிலேயே விட்டுவிட்டு இறங்குகிறேன் என்பார்கள், பையில் மறந்து வைத்துவிட்டு மாட்டுகிறவர்களும் அவர்கள்தான். மெல்லுகிற புகையிலைக்கும் தடை, ஹான்ஸ் பாக்கெட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். சிகரெட்டுக்கு வரியில்லாச் சலுகை ஒரு குச்சிக்குக்கூடக் கிடையாது. (சம்பந்தமில்லாத ஒன்று, சமையல்காரன் என்பதால் சொல்கிறேன்: ஊரிலிருந்து குருமாவுக்குக் கசகசா கட்டிக்கொண்டு வராதீர்கள், இங்கே அதுவும் வில்லங்கம். முந்திரி அரைத்துப் போடுங்கள்.) தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து வைத்திருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம், டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும்.

விடுவது பற்றிக் கேட்டால், கப்பலில் ஏறுகிற நாளே நல்ல நாள். கப்பலில் சிகரெட் விற்கிற பாண்ட் ஸ்டோரில் முதல் மாதம் பெயர் எழுதாதீர்கள். கேபினில் சிகரெட் இல்லாவிட்டால் ராத்திரி மூன்று மணிக்கு யார் கேபினைத் தட்டுவீர்கள்?

குடி?

பல கம்பெனிகளில் அறவே கூடாது. சர்வதேச விதிப்படி வாட்ச் போகிற அதிகாரிகளுக்கும் பாதுகாப்பு வேலை செய்பவர்களுக்கும் ரத்தத்தில் 0.05 சதவீதம் எல்லை. கரையில் இறங்கி நாலு மணி நேரத்தில் நாலு மாதத்தைக் குடித்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள், திரும்பும்போது படகிலிருந்து கேங்வேயில், அதாவது கப்பல் ஏணியில், கால் வைக்க வேண்டும், அந்த ஒரு அடியில் போனவர்கள் உண்டு.

தொடையிடுக்கில் படர்தாமரை, ஊரில் வாங்கின க்ரீம் போட்டால் போகிறது, திரும்ப வருகிறது.

கூச்சப்பட்டுக்கொண்டே எல்லாரும் கேட்கிற கேள்வி. அந்த க்ரீமின் பெயரோடு சேர்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், பூஞ்சையை உள்ளே வளர்க்கும், தோலை மெலிதாக்கும். பூஞ்சைக்கு மட்டுமான மருந்தை, படை மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை போட வேண்டும். வேர்த்த கவர்ஆலோடு மெஸ்ஸில் அரட்டை அடிக்காமல் உடனே கழற்றிக் குளித்து, விரலிடுக்கும் தொடையும் ஈரம்போகத் துடையுங்கள். பருத்தி உள்ளாடை, தினமும் ஒன்று, டிரையரில் முழுக்கக் காய்ந்தது. துண்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், வாங்கவும் வேண்டாம்.

பேச ஆள் இல்லை. நான் மட்டும்தான் தமிழ்.

முன்பெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மெஸ்ஸில் கேரம் சத்தம் கேட்கும். கப்பலுக்கு நல்ல இன்டர்நெட் வந்தது, வீட்டோடு பேசுவது சுலபமானது, மெஸ் காலியானது. ஆளுக்கொரு கேபின், ஆளுக்கொரு போன். வீட்டுக்குப் பேசுங்கள், ஆனால் ஒரு வேளையாவது மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், தட்டைக் கேபினுக்கு எடுத்துக்கொண்டு போக ஆரம்பிப்பதுதான் முதல் அறிகுறி என்பேன். குக் என்ற முறையில் யார் தட்டு வரவில்லை என்று எனக்குத்தான் முதலில் தெரியும். அப்படி ஒரு பையனை, திருச்செந்தூர் பக்கம், நாலு நாள் கழித்து மாவு பிசையக் கூப்பிட்டேன். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது நாள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததைச் சொன்னான்.

மனசு ரொம்பக் கனமாக இருந்தால், செத்துவிடலாம் என்று எண்ணம் ஓடினால், கேப்டனிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ அன்றே சொல்லுங்கள். சீஃபேரர்ஹெல்ப் என்று கப்பல்காரர்களுக்காகவே 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிற உதவிச் சேவை இருக்கிறது, பல மொழிகளில் பேசுவார்கள். சிங்கப்பூரில் இருந்தால் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767. மிஷன் டு சீஃபேரர்ஸ், ஸ்டெல்லா மாரிஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்புகளின் ஆட்கள் கப்பலுக்கே வந்து பார்ப்பார்கள், எந்த மதமாக இருந்தாலும் பேசுவார்கள்.

நான் பெண், டெக் கேடட் (பயிற்சி அதிகாரி). சேஃப்டி ஷூவும் ஹார்னஸும் எனக்குச் சேரவில்லை.

கேட்டு வாங்கும்மா. அளவுக்குப் பொருந்துகிற பாதுகாப்புச் சாதனம் தர வேண்டும், பெண்களுக்கும் சேர்த்துத்தான் என்று அதே 2024 டிசம்பர் மாற்றத்தில் இருக்கிறது. மாதவிடாய்ப் பொருட்களை ஒப்பந்த காலத்துக்கு மேலே ரெண்டு மாதத்துக்குச் சேர்த்து எடுத்துக்கொள், இல்லாவிட்டால் எங்களை மாதிரி சப்ளை ஆட்களிடம் ஆர்டர் தாளில் எழுது, நாங்கள் அரிசி மாதிரிதான் அதையும் மூட்டை கட்டிக் கொண்டுவருவோம்.

நெஞ்சு வலித்தால்?

"வாயுதான்" என்று சோடா குடிக்காதீர்கள். உடனே சொல்லுங்கள். சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது, நூறு பேரோ அதற்கு மேலோ ஏறுகிற நீண்ட பயணக் கப்பலுக்குத்தான் கட்டாயம். ஆனால் ரேடியோவில் டாக்டர் உண்டு. ரோமில் இருக்கிற சிஐஆர்எம் என்ற ரேடியோ மருத்துவ மையம் 1935-லிருந்து எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. அறிகுறி ஆரம்பித்த நேரம், பிபி, நாடி, சாப்பிடுகிற மாத்திரை எல்லாம் குறித்து வைத்தால்தான் அவர்களால் உதவ முடியும். சிங்கப்பூர் நங்கூரத் தளத்தில் இருந்தால் அதிர்ஷ்டம், கேப்டன் துறைமுகக் கட்டுப்பாட்டை அழைத்தால் கரை பக்கம்தான். வங்காள விரிகுடா நடுவில் அந்த வசதி இல்லை, அதனால்தான் முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள் என்கிறேன்.

கப்பல்களுக்கு எரிபொருள் ஏற்றுகிற பங்கர் படகில் வேலை, வீடு சிங்கப்பூர் ஈசூனில். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

உங்களுக்கு வேறு மாதிரி ஆபத்து. கப்பலில் குக் இருக்கிறார், உங்களுக்குப் பொட்டலச் சாப்பாடு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆறிப்போன பிரியாணி, காலையில் பரோட்டா, வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டுப் படுக்கை. சுற்றிலும் டீசல் வாசம், ஓட ஒரு இருபது அடி டெக். வீட்டிலிருந்து ஒரு வேளையாவது எடுத்துப் போங்கள். ஃபேர்பிரைஸில் விற்கிற வறுக்காத கடலை, பழம், அவித்த முட்டை, இது மூன்றும் படகில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். குடிமகனோ நிரந்தரவாசியோ, 40 வயது ஆகிவிட்டால் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுத் திட்டத்தில் பதிந்து ஒரு குடும்ப டாக்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கப்பல் பட்டறையில் வேலை அனுமதியில் இருக்கிற தம்பிகளுக்கு முதலாளி எடுத்துத் தர வேண்டிய ஆரம்பச் சிகிச்சைத் திட்டம் 2022-லிருந்து இருக்கிறது, எந்த மருந்தகம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் நாலு மணி நேரம் கரை கிடைத்திருக்கிறது. என்ன செய்யலாம்?

எல்லாரும் நேராக முஸ்தபா என்கிற பெரிய கடைக்கு. போங்கள், ஆனால் சாக்லேட் மாடிக்கு முன்னால் மருந்துப் பகுதிக்குப் போய் ஒரு பிபி மெஷின், சுகர் இருந்தால் ஸ்ட்ரிப் ரெண்டு டப்பா. அப்புறம் தேக்கா சந்தையில் கீழ்த்தளம், கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலை, கேபினுக்கு அளவாக. அங்கேயே மேலே போய்விடாமல் அங்காடிக் கடையில் உட்கார்ந்து மீன் குழம்புச் சாப்பாடு, ரெண்டு காய் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள், சொன்னால் போடுவார்கள். பிறகு சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில்வரை நடை, கால் தரையில் படட்டும், ஆடாத தரை. படகு அஞ்சரைக்கு என்றால் அஞ்சு மணிக்கே படகுத்துறையில் இருங்கள், போன மாதம் ஒருத்தர் கறிவேப்பிலைக் கட்டோடு ஓடி வந்தார், படகு போய்விட்டது.